பௌர்ணமிக்கு வராத மகள்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் எனக்கு டீக்கடை. என் மகளோ ராமேஸ்வரம் பக்கம் கடலில், கண்ணுக்கே தெரியாத பவளக் குஞ்சுகளை ஆராய்கிறாள்.

போன பங்குனிப் பௌர்ணமிக்கு மலை சுற்ற வரவிருந்த ஒரு வேலூர்க் குடும்பத்தை, அப்படியே பெண்ணையும் பார்த்துவிடுங்கள் என்று அழைத்துவிட்டேன். அவளைக் கேட்கவில்லை.

"அப்பா, பவளம் வருஷத்துக்கு ஒரு வாட்டிதான் முட்டை விடும், அதுவும் இந்தப் பௌர்ணமியை ஒட்டித்தான். நான் வரமாட்டேன்" என்றாள்.

"அந்தப் புழு பூச்சிக்காக நல்ல சம்பந்தத்தை விடுவியா?" என்று கத்தினேன். போனை வைத்துவிட்டாள்.

பௌர்ணமியன்று சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா கடைக்கே வந்தார். கூச்சத்தோடு விஷயத்தைச் சொன்னேன்.

"பரவால்லண்ணா, நாமளாவது பேசலாம். கடையை சாத்திட்டு லாட்ஜுக்கு வாங்க."

"இன்னைக்கா? என்னம்மா நீங்க, பௌர்ணமியில எவனாவது கடையை சாத்துவானா!"

சொன்ன வேகத்திலேயே எனக்கு உறைத்தது. அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பொண்ணு உங்களை மாதிரியேதான் போல. அடுத்த வாரம் நாங்களே அங்க போய்ப் பாக்கறோம். இப்ப ஒரு டீ போடுங்க, சக்கரை கம்மியா."

அன்று மகளை விசாரித்தவர்களிடமெல்லாம், "கடல்ல வேலையா இருக்கா" என்று சத்தமாகவே சொன்னேன். அதுவரை நான் அதை வேலை என்று சொன்னதே இல்லை.