ஐந்தாவது சிடி

எங்கள் வீட்டில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த சித்தி, என் அப்பாவிடம் நேருக்கு நேர் பேசக் கூடாது. கணவனின் அண்ணன் என்றால் அப்படி ஒரு மரியாதை. தம்பி பெண்டாட்டியிடம் அப்பாவும் பேச மாட்டார். இருவரும் ஒரே அறையில் நாலடி தள்ளி நின்றாலும் பேச்சு என் வழியாகத்தான் போக வேண்டும். "மாமாவ சாப்பிட வரச் சொல்லு" என்பார் சித்தி. அப்பாவின் காதில் அது நன்றாகவே விழுந்திருக்கும். ஆனாலும் நான் திரும்பி ஒரு தடவை சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார். பத்து வயதில் அந்தப் பதவியால் எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

சித்திக்குப் பிறந்த ஊர் தேவதானப்பட்டி. கம்ப்யூட்டர் படித்தவர். கல்யாணத்துக்குப் பீரோவும் கட்டிலும் தருவதாக அவர் வீட்டில் சொன்னபோது, இரண்டும் வேண்டாம், கம்ப்யூட்டர் போதும் என்று அடம்பிடித்து வாங்கி வந்தவர். சீர் பார்க்க வந்த சொந்தக்காரப் பெண்கள் அதைச் சுற்றி நின்று, இதில் துணி எங்கே வைப்பது என்று கேட்டுச் சிரித்தார்கள். சித்தியும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அந்தக் கம்ப்யூட்டரை அப்பா மருந்தறையில் வைத்தார். நாங்கள் கம்பம் பக்கத்துத் திராட்சைக்காரர்கள். பந்தலுக்கு அடிக்கும் மயில்துத்தமும் கந்தகப் பொடியும் மூட்டை மூட்டையாக அந்த அறையில் கிடக்கும். வீட்டில் பூட்டுப் போடுகிற அறை அது ஒன்றுதான், விலை கூடிய சாமான் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் நியாயம். முன்னறையில் வைக்கலாமா என்று சித்தி ஒரு தடவை என் மூலமாகக் கேட்டார். வியாபாரிகள் வந்து உட்காருகிற இடத்தில் அது எதற்கு என்று அப்பா என் மூலமாகவே மறுத்துவிட்டார்.

சித்தப்பாவுக்குப் பாட்டு பதிந்து கொடுக்கப் போய் இரண்டு சிடி வீணாயின. அப்பா அவற்றில் நூலைக் கட்டிப் பந்தலில் தொங்கவிட்டார். வெயிலில் அவை மின்னுவதைப் பார்த்து மைனாக்கள் கிட்டே வரவில்லை. "அந்தப் பொட்டி செஞ்ச ஒரே உருப்படியான வேல இதுதான்" என்று ஊரெல்லாம் சொன்னார். சின்னமனூரில் ஒருவர் பழைய கம்ப்யூட்டர் தேடுவதாகவும், வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பார் என்றும் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். பரிமாறிக்கொண்டிருந்த சித்தியின் கை அப்படியே நின்றது. அவருக்கென்று அந்த வீட்டுக்குள் வந்த பொருள் அது ஒன்றுதான். வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல முறையில்லை. என்னிடமும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

அந்த வாரம்தான் காற்று வந்தது. எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். கல்தூண் சாய்ந்து, கம்பி அறுந்து, காயோடு பந்தல் பாதி தரையில் கிடந்தது. அதிகாரி வந்து பார்க்கட்டும் என்று அப்படியே போட்டுவைக்க முடியாது, கொடி செத்துவிடும். சித்தப்பா ஸ்டுடியோக்கார நண்பரின் கேமராவை வாங்கிவந்து நாற்பது படம் எடுத்தார். சித்தி அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் கேமரா திரும்பிப் போய்விட்டது. மறுநாளே ஆள் விட்டுப் பந்தலைத் தூக்கிக் கட்டினோம். படங்களைச் சிடியில் போட்டு, நஷ்டஈட்டு மனுவோடு புதன்கிழமை காலை பத்து மணிக்குள் தேனி ஆபீசில் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை கம்பத்தில் முழுக் கடையடைப்பு. ஸ்டுடியோ இல்லை, பிரவுசிங் சென்டர் இல்லை. சித்தியும் அவர் கம்ப்யூட்டரும்தான் கதி.

வீட்டில் ஐந்து வெற்றுச் சிடி மிச்சம் இருந்தது. முதலாவது ஒரு நிமிடத்தில் வெளியே வந்து, பதிய முடியவில்லை என்று திரையில் சிவப்பாகக் காட்டியது. அப்பா வாசலில் நின்று என்னைப் பார்த்து, "நாளைக்கு இது ஆகலன்னா வெள்ளிக்கிழம பொட்டி வண்டி ஏறிரும். சொல்லிரு" என்றார். சித்தி தலையாட்டினார். நானும் சொல்லி முடித்தேன்.

அதன் பிறகு சித்தி செய்ததை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. எங்கள் வீட்டு ஆண்கள் மோட்டார் ஓடாவிட்டால் ஓர் உதை விடுவார்கள், அப்புறம் இன்னோர் உதை. சித்தி ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, கெட்டுப்போன சிடியின் மேலேயே என்ன வேகம், எத்தனை சதவீதத்தில் நின்றது என்று எழுதினார். இரண்டாவதற்கு வேகத்தை மட்டும் குறைத்தார். கொஞ்சம் கூடுதலாகப் போய் நின்றது. எழுதினார். மூன்றாவதற்கு வேகத்தை அப்படியே விட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த மற்றதையெல்லாம் நிறுத்தினார். நின்ற இடத்திலேயே நின்றது. அதையும் எழுதினார்.

"ஏன் சித்தி ஒவ்வொண்ணா மாத்துறீங்க? எல்லாத்தையும் ஒண்ணா மாத்திரலாம்ல?"

"எல்லாத்தையும் மாத்தினா எது கோளாறுன்னு எப்படித் தெரியும்? பேசாம இரு."

நான்காவதற்கு வேறு கம்பெனிச் சிடி போட்டார். அதுவும் போயிற்று. மிச்சம் ஒன்றுதான். அதை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டு, தன் கல்யாணப் படச் சிடியைப் போட்டுப் பார்த்தார். தேவதானப்பட்டியில் வேறு கம்ப்யூட்டரில் வழுக்கிக்கொண்டு ஓடிய சிடி, இங்கே கர்கர்ரென்று முக்கி முனகி, தாலி கட்டும் இடத்தில் நின்றேவிட்டது.

"எழுதுறது மட்டும் இல்ல, இதுக்குப் படிக்கவே கண்ணு தெரியல" என்றார் சித்தி. சிடித் தட்டை வெளியே இழுத்து மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார். "ஏத்தா, கந்தக வாட வருதா?"

எனக்கு ஒன்றும் வரவில்லை. எங்கள் சட்டையில், தலையணையில், அப்பாவின் தலைமுடியில் எல்லாம் அந்த வாடைதான். நாங்கள் அதிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வெளியூரிலிருந்து வந்த மூக்குக்குத்தான் அது தெரிந்தது.

மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, அம்மாவின் தையல் மெஷின் திருப்புளியால் பெட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த சிடி ரைட்டரையும் திறந்தார். துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கண்ணாடிக் கண். மாட்டுக்கு ஊசி போட வருகிறவர் விட்டுப்போன ஸ்பிரிட்டை ஈர்க்குச்சியில் சுற்றிய பஞ்சில் தொட்டு, பச்சைப்பிள்ளைக்குக் கண் துடைப்பதுபோலத் துடைத்தார். பஞ்சு மஞ்சளாக வந்தது. ஒன்று, இரண்டு, மூன்றாவது பஞ்சுதான் வெள்ளையாக வந்தது.

கம்ப்யூட்டரை அம்மாவின் தையல் மேசைக்கு மாற்றி, ஐந்தாவது சிடியைப் போட்டார். அம்மா கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து நின்றார். முப்பது சதவீதம் தாண்டியது. அறுபது தாண்டியது. சித்தியின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கடைசியில் தட்டு தானாக வெளியே வந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. மறுபடி உள்ளே தள்ளி, நாற்பது படத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகுதான் மூச்சு விட்டார்.

அப்பா உள்ளே வந்தார். "என்ன கோளாறாம்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. "நீங்கதான்ப்பா, மருந்து மூட்டைகிட்ட..." என்று தொடங்கியதும் சித்தி என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். தலையைக் குனிந்துகொண்டு, "நாந்தான் தொடைக்காம விட்டுட்டேன். தூசி அடைஞ்சுபோச்சுன்னு சொல்லு" என்றார்.

பொய். பச்சைப் பொய். அதை என் வாயால் சொல்ல வைத்தாரே என்று எனக்குக் கோபமான கோபம். ஆனாலும் உத்தியோகம் உத்தியோகம்தானே, சொன்னேன். அப்பா மேசையில் கிடந்த மஞ்சள் பஞ்சை எடுத்து இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் தேனிக்குப் போய் மனுவைக் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்பினார். சட்டையைக்கூட மாற்றவில்லை. முன்னறையில் வியாபாரிகள் உட்காருகிற பெஞ்சை இழுத்து வெளியே போட்டார். அந்த இடத்தில் ஒரு மேசையைப் போட்டு, கம்ப்யூட்டரைத் தானே தூக்கிவந்து வைத்தார். பிறகு சித்தியின் பக்கம் திரும்பினார்.

"ஆத்தா, இங்கன இருந்தா தூசி வராதுல்ல?"

நான் சித்தியிடம் சொல்வதற்காக வாயைத் திறந்தேன். அதற்குள் சித்தியே, "வராது மாமா" என்று சொல்லிவிட்டார். இருவருக்கும் நடுவில் நான் திறந்த வாயோடு நின்றேன்.

"சின்னமனூர்க்காரர வர வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார் அப்பா, அதையும் நேராகவே.

நான் அழுதுகொண்டே அடுப்படிக்கு ஓடினேன். என்னை வைத்துக்கொண்டே அப்பா சித்தியிடம் நேராகப் பேசிவிட்டார், மரியாதையே இல்லை, இனி நான் எதற்கு என்று அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

என் அப்பா ஆயுசில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை என்று சொந்தத்தில் இன்றும் சொல்வார்கள். கேட்டிருக்கிறார். அதைத்தான் நான் அன்றைக்கு அம்மாவிடம் போய்ப் புகாராகச் சொல்லியிருக்கிறேன்.