சீல் அக்கா அடக்கிய இருமல்

உரிமப் பிரிவில் எனக்கு அடுத்த மேஜை சீல் அக்காவுடையது. துப்பாக்கி உரிமம் ஒவ்வொன்றிலும் கடைசி முத்திரை அவர் கையால்தான் விழும். அதனால் அந்தப் பெயர். மேலதிகாரியே வாய் தவறி "சீல் அக்காவைக் கூப்பிடுங்க" என்பார். இருபத்துமூன்று வருடமாக ஒரே நாற்காலி. ஆட்களின் பெயர் அவருக்கு நிற்காது. குழலில் பொறித்த எண்ணைச் சொன்னால் மட்டும், "அவரா? போன தடவை போட்டோ ஒட்டாம வந்தவராச்சே" என்பார்.

துப்பாக்கி வைத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரு நம்பிக்கை. அரசாங்கம் என்றைக்காவது துப்பாக்கிகளைப் பிடுங்க வந்தால், ஆபீசுக்குள் இருக்கும் யாராவது முன்கூட்டியே காதில் போட்டுவிடுவார்கள் என்று. அந்த யாராவது யார் என்று கேட்டால், எல்லோரும் சீல் அக்காவைத்தான் காட்டுவார்கள். ஏனென்றால் அவருடைய அண்ணனே இரட்டைக்குழல் துப்பாக்கிக்காரர். மக்காச்சோளக் காட்டுக்குள் வரும் பன்றிகளை விரட்ட வைத்திருந்தார்.

அந்த நாளும் வந்தது. சந்தையில் இரண்டு பங்காளிகள் சுட்டுக்கொண்டு, ஒருவர் செத்துப்போனார். மறுவாரமே உத்தரவு. நூற்றுப்பன்னிரண்டு துப்பாக்கிகளை வெள்ளிக்கிழமை காலை ஒரே நேரத்தில் வீடு வீடாகப் போய் எடுத்துவிட வேண்டும். பிறகு விசாரித்து, தகுதியுள்ளவர்களுக்குத் திருப்பித் தரலாம். செவ்வாய்க்கிழமை மேலதிகாரி எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"இந்தப் பட்டியலை நீங்க ரெண்டு பேரும்தான் சரிபார்க்கணும். இந்த நாலு சுவரைத் தாண்டி மூச்சு வெளிய போகக்கூடாது."

அக்கா அவர் நீட்டிய தாளைப் பார்த்தார். "நாப்பத்தொண்ணாவது ஆள் என் அண்ணன், சார்."

அதிகாரிக்கு முகம் மாறிவிட்டது. "அப்ப நீங்க இதுல இருந்து விலகிக்கிறீங்களா?"

"விலகிட்டா பார்த்தது மறந்துடுமா? நானே செய்யறேன். நாளைக்கு உங்களுக்கு வேற வழியா தெரிய வேண்டாம்னுதான் இப்பவே சொன்னேன்."

வெளியே வந்ததும் நான்தான் தாங்காமல் கேட்டேன். "அண்ணனுக்கு மட்டும் சொன்னா என்னக்கா? அவரு யாரையாவது சுடப்போறாரா?"

"அவன் எறும்பைக்கூட மிதிக்க மாட்டான். ஆனா அவன் வாயில எதுவும் தங்காது. மதியம் அவனுக்குச் சொன்னா, சாயங்காலம் டீக்கடை முழுக்கத் தெரியும்." பட்டியலில் ஒரு வரியில் விரலை வைத்து, "பதினேழாவது ஆள் யாருன்னு தெரியும்ல?" என்றார்.

தெரியும். அந்த ஆளின் மனைவி மூன்று முறை எங்கள் ஜன்னலுக்கு வந்திருக்கிறாள். குடித்துவிட்டால் கட்டிலில் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பிப்பானாம். துடைத்து முடிக்கும்வரை அவளும் பிள்ளையும் எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டுமாம். மூன்று மனுவையும் மேலே அனுப்பினோம். பதில் வரவில்லை.

புதன்கிழமை காலை துப்பாக்கிக் கடைக்காரர் வந்தார். எந்த விஷயத்துக்கும் முதலில் மூக்கில் வேர்க்கும் மனிதர். ஜன்னலில் முழங்கையை ஊன்றி, குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, என்னவோ நடக்கப்போகுதுன்னு பேச்சு அடிபடுது. நீங்க ஒரு வார்த்தை சொல்ல வேணாம். உங்க வேலைக்கு ஆபத்து வரக்கூடாது. விஷயம் உண்மைன்னா ஒரே ஒரு தடவை இருமுங்க, போதும். நான் புரிஞ்சுக்கறேன்."

அக்காவுக்கு மூன்று நாளாகச் சளி. அது கடைக்காரருக்குத் தெரியாது. அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அக்காவின் தொண்டையில் கரகரப்பு கிளம்பிவிட்டது. அக்கா தண்ணீர் குடித்தார். முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டியது.

"என்னக்கா, அழறீங்களா?"

அக்கா இல்லையென்று தலையை ஆட்டி, அவர் கொண்டுவந்த விண்ணப்பத்தை வாங்கி, முத்திரையைப் பட்டென்று குத்தி நீட்டினார். கடைக்காரர் இன்னும் ஒரு நிமிடம் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஒண்ணுமில்லை போல" என்று முணுமுணுத்துக்கொண்டு படியிறங்கினார். அக்கா பதிவறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு உள்ளே இருமிய இருமலில் பழைய கட்டுகளின் தூசியெல்லாம் எழுந்திருக்கும்.

அன்று சாயங்காலம்தான் அவருக்கு உண்மையான சோதனை. அண்ணன் ஒரு சாக்கு சோளக்கதிரோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். பன்றி எப்படி வேலியைத் தாண்டியது என்று கைகளை ஆட்டி ஆட்டி விவரித்திருக்கிறார். அக்கா கேட்டுக்கொண்டே பரிமாறியிருக்கிறார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை நூற்றுப்பன்னிரண்டும் வந்து சேர்ந்தன. ஒருவருக்கும் முன்கூட்டித் தெரியவில்லை. பதினேழாவது ஆளின் துப்பாக்கி தலையணைக்கடியில் குண்டு நிரப்பியபடி இருந்ததாம். அதைக் கேட்டதும் அக்கா எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை ஜன்னலில் அண்ணன் நின்றார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"புதன்கிழமை என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டியே!"

"சாப்பிட்டேன்."

அக்கா ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "உன்மேல வழக்கு எதுவும் இல்லை. மனு போட்டா திரும்பக் கிடைக்கும். ஆனா வரிசையில வா, உனக்கு முன்னாடி ஒன்பது பேர் நிக்கறாங்க."

அவர் படிவத்தைப் பிடுங்கிக்கொண்டுபோய் வரிசையின் கடைசியில் நின்றார். தங்கையோடு பேச்சில்லை. இரண்டு மாதம் அண்ணிதான் தூது. "உங்க அண்ணன் மனு என்னாச்சுன்னு கேக்கச் சொன்னாரு. தான் கேட்டதா சொல்லக்கூடாதுன்னும் சொன்னாரு" என்று அண்ணி போனில் சிரிப்பார். அண்ணனின் ஃபைலை மட்டும் அக்கா தொடவில்லை, நான்தான் பார்த்துக்கொண்டேன். நான்காவது மாதம் துப்பாக்கி திரும்பக் கிடைத்தது. முத்திரையையும் நானே குத்தினேன், கொஞ்சம் கோணலாக.

பதினேழாவது ஆளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அண்ணன் கோபம் எப்போது தீர்ந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் டீக்கடையில் அவர் யாரிடமோ, "என் தங்கச்சிகிட்ட இருந்து ஒரு வார்த்தை புடுங்கிடுவியா நீ? நான் அவ கூடப்பொறந்தவன், என்னாலயே முடியல" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தது மட்டும் என் காதில் விழுந்தது. போய் அக்காவிடம் சொன்னேன்.

"அதையும் டீக்கடையிலதான் சொன்னானா?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்குச் சாயங்காலம் அரைமணி முன்னதாகவே மேஜையைப் பூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினார்.