கல்லின் மேல் பழி

என் நுரையீரலில் கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்த அன்று மாலையே என் கணவர் சிகரெட்டை விட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் கெஞ்சியது அது ஒன்றைத்தான். அன்று எனக்குப் பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். மூன்று வாரம் தாக்குப்பிடித்தார்.

விட்ட ஒன்பதாம் நாள் டாக்டர் எங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டார். வெளிமாநிலத்தில், நிக்டி என்ற ஊரில் தரைத்தளத்து ஃபிளாட். தரை முழுக்க கிரானைட், படுக்கையறையில் ஒரு சுவரும் கிரானைட். கொசுவுக்கும் தூசிக்கும் பயந்து ஜன்னலைத் திறப்பதே இல்லை. கல்லிலிருந்தும் அடிமண்ணிலிருந்தும் ரேடான் என்று ஒரு கதிரியக்க வாயு கசியும், நிறமோ வாசனையோ கிடையாது, அடைத்த அறையில் சேர்ந்துகொண்டே போகும், எதற்கும் அளந்து பாருங்கள் என்றார். கொத்தமல்லி வாங்கிவர இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும் மனிதர், வீடு வந்து சேருவதற்குள் அளக்கும் கருவிக்கு ஆர்டர் போட்டுவிட்டார். அது வந்து, சில நாளில் அதில் காட்டிய எண் ஆபத்தில்லாத வரம்பைத் தாண்டியது.

அவர் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உடனே கோயம்புத்தூரிலிருக்கும் என் அண்ணனுக்குப் போன்.

“மச்சான், சிகரெட் இல்லியாமா! கல்லாமா, கல்லு! உங்க தங்கச்சி கிரானைட்டுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா பாருங்க, அந்தக் கல்லு!”

ஆமாம், நான்தான் நின்றேன். பார்த்த வீட்டிலெல்லாம் இருக்கிறதே என்று ஆசைப்பட்டேன். கொலை வழக்கில் விடுதலையானவர் மாதிரி சொந்தபந்தம் எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டு, வாசலில் போய்ப் பற்றவைத்தார்.

அடுத்த முறை நானே டாக்டரிடம் கேட்டேன், எதனால் வந்தது என்று. உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அந்த வாயுவும் சிகரெட் புகையும் ஒரே நெஞ்சுக்குள் போனால் தனித்தனியாகப் போவதைவிடக் கெடுதல் அதிகம் என்றார். திரும்பும்போது ஆட்டோவில், “கேட்டீங்களா?” என்றேன்.

“அவரே உறுதியாச் சொல்லலியே. கல்ல எடுக்க ஆளு சொல்லீட்டேன், போதுமா? எல்லாம் உனக்காகத்தான்.”

மறுவாரம் ஆட்கள் வந்து சுவர்க்கல்லைப் பெயர்த்தார்கள். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அறை வாசலில் நின்று அவர் இந்தியில் அவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்: பார்த்து மெதுவாக எடுங்கள், தூசி கிளப்பாதீர்கள், வீட்டில் நெஞ்சு சரியில்லாத பெண்பிள்ளை இருக்கிறாள். சொல்லும்போது வாயிலிருந்து புகை வந்தது.