பம்புக் கூண்டுக்குள் அத்தான்

என் அக்காவைக் கட்டிய தச்சருக்குத் தெருவில் ‘மறைப்பு மாஸ்டர்’ என்று பெயர். கேஸ் சிலிண்டர், டிவி ஒயர், குளியலறைக் குழாய் என்று எது கண்ணை உறுத்தினாலும் அதன் முன்னால் ஒரு பலகையை நிறுத்திவிடுவார். அதில் ஒரு திருகாணித் தலைகூட வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் மனிதருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. நான் பம்பு மெக்கானிக். அவர் மூடிவைப்பதைத் திறந்து பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் எங்களுக்குள் எப்போதும் ஏழாம் பொருத்தம்.

நீச்சல் டீச்சர் வீட்டுத் தோட்டத்தில் அது முற்றிப்போனது. டீச்சர் தன் வீட்டுக் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருகிறார். குளத்தின் ஓரத்தில் சுவரை ஒட்டி, பம்பும் ஃபில்டர் தொட்டியும் வெள்ளைக் குழாய்களும் குடல் சரிந்த மாதிரி கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பெற்றோர் முன்னால் பிள்ளைகள் நீந்திக்காட்ட வேண்டும். அதற்குள் இந்த அசிங்கத்தை மறைத்துத் தரும்படி அத்தானைக் கேட்டார்.

அத்தானுக்கு அந்த நாலு மணி இன்னொரு விதத்திலும் முக்கியம். அவருடைய ஏழு வயது மகளும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். மூன்று மாதமாகக் கைப்பிடியை விடாதவள். “அப்பா நின்னு கூப்பிட்டாத்தான் குதிப்பேன்” என்று சொல்லியிருந்தாள். அத்தானும் வாக்குக் கொடுத்திருந்தார்.

“அத்தான், ரீப்பர் பலகைக்கு நடுவுல ஒரு விரல் இடைவெளி விடுங்க. பம்புக்குக் காத்து வேணும்.”

“உள்ள இருக்கிறது தெரியுமே மச்சான்.”

“காத்து இல்லாம பம்பு புகைஞ்சா அதுவும் தெரியும்.”

முறைத்துக்கொண்டே விட்டார்.

மாடியிலிருந்து பார்த்தாலும் தெரியக் கூடாதென்று பம்பைச் சுற்றி எழுப்பிய மரக்கூண்டின் மேலேயும் ரீப்பர் அடித்தார். கதவு வைத்தால் கீல் தெரியுமாம். அதனால் முன்பக்கத்தை ஒரே தட்டியாகச் செய்திருந்தார். நான் எப்படி உள்ளே போவேன் என்பதெல்லாம் அவர் கவலை இல்லை. ஞாயிறு மதியம் மூன்றரைக்கு, திருகாணி வெளியே தெரியாமலிருக்க, உள்ளே நின்றுகொண்டே அந்தத் தட்டியை முடுக்கினார். கடைசித் திருகாணி ஏறியதும் பேட்டரி டிரில் உயிரை விட்டது. தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கை ஸ்க்ரூடிரைவரும் ஃபோனும் வெளியே பையில் இருந்தன.

பம்பு இரைச்சலில் அவர் கத்தியது யார் காதிலும் விழவில்லை. நான் அந்தக் கோடியில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். உதைத்து உடைக்கலாம்தான். ஆனால் மூன்று நாள் வேலை, அத்தானுக்கு மனசு வரவில்லை.

நாலு மணி. மகளின் முறை வந்தது. கரையில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“அப்பா எங்க மாமா?”

“இங்கதான்மா இருந்தாரு.”

உதடு பிதுங்கியது. மெல்லப் பின்வாங்க ஆரம்பித்தாள். நான் சண்டை போட்டு வாங்கிய விரலளவு இடைவெளி வழியே அத்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பம்பின் ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கரண்ட் என்றாலே அவருக்கு நடுக்கம், வீட்டில் பல்பு மாட்டக்கூட அக்காதான் ஏற வேண்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஸ்விட்சை ஒரே அடி அடித்தாராம்.

தோட்டமே கப்சிப்.

“அப்பா இங்க இருக்கேன்டா தங்கம்! குதி!”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குரல் வருகிறது, ஆளைக் காணோம். அவளுக்கு அந்தக் குரலே போதும். தொபுக்கென்று குதித்தாள். தண்ணீரைக் கையால் அறைந்து, காலால் உதைத்து, கொஞ்சம் குடித்து, குரல் வந்த பக்கமே நீந்திக் கரையைப் பிடித்தாள். நான் ஊரே கேட்க விசிலடித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

“அப்பா, நான் வந்துட்டேன்! நீங்க வெளிய வாங்க!”

நான் ஓடிப்போய் இடைவெளி வழியாக ஸ்க்ரூடிரைவரை நீட்டினேன். அத்தான் வாங்கவில்லை.

“பதினாறு திருகாணி மச்சான். புள்ள காத்துட்டு இருக்கா. தள்ளி நில்லு.”

ஒரே உதை. மூன்று ரீப்பர் தெறித்து விழுந்தன. தலையெல்லாம் மரத்தூளோடு வெளியே வந்தவர், சொட்டச் சொட்ட நின்ற மகளைத் தூக்கிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் விக்கி விக்கி அழுதார்.

அடுத்த வாரம் அந்த இடத்தில் ஒரு கதவு வைத்தார். இரண்டு கீல், எட்டுத் திருகாணி, எல்லாம் பளிச்சென்று வெளியே. டீச்சர் பார்த்துவிட்டு, “இதையும் மறைச்சிடலாமே மாஸ்டர்” என்றார்.

“இருக்கட்டும் டீச்சர், தெரியட்டும்” என்றார் அத்தான்.