லோரெட்டா கழற்றிய அடிமூடி

முதல் கடுங்குளிர் விழுந்த காலையிலேயே லோரெட்டா ஸ்வென்ஸ்ருட் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. வீடு என்றால், பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற டிரெய்லர். அவள் கணவன் ஆர்விடுக்கு மொன்டானாவில் பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையில் வேலை. கோடையில் வேறு ஊர், வேறு வேலை. அதற்குத் தோதாக இருக்கட்டும் என்றுதான் ஊருக்குள் இருந்த வீட்டை விற்றுவிட்டு இதை வாங்கினார்கள். வாங்கும்போது விற்பனையாள் வண்டியின் அடிவயிற்றைத் தட்டிக்காட்டி, "உள்ளே முழுக்கப் பஞ்சு மேடம். ஹீட்டர் காத்து கீழேயும் ஓடும். வெளியே பாறை வெடிக்கிற குளிர்லயும் உங்க குழாய் உறையாது" என்று சொல்லியிருந்தான்.

லோரெட்டா விற்பனைக் கூடத்துக்கு போன் போட்டாள். ஹீட்டரை இரவில் குறைத்து வைத்திருப்பீர்கள் என்றார்கள். குறைக்கவில்லை என்றாள். ஜன்னலைத் திறந்து வைத்திருப்பீர்கள் என்றார்கள். மறுவாரம் திரும்பவும் உறைந்தபோது, போனை எடுத்தவன் சிரித்துவிட்டான். "டிரெய்லர்ல குளிர்காலம் தள்றது எல்லாருக்கும் கைவராது மேடம்."

அந்தச் சிரிப்புதான் அவளைக் கிளப்பியது. ஆலை கேன்டீனில் இருநூறு பேருக்குப் பொங்கிப் போட்டவள் அவள். கொதிக்கிற அண்டாவைத் தனியாக இறக்குவாள். ஹீட்டரின் பொத்தானைத் திருப்பத் தெரியாதாம்.

ஆர்விட் சண்டைக்கு ஆகாத மனிதன். தினமும் காலையில் மண்டியிட்டு, முடி காயவைக்கிற மெஷினைக் குழாய்மேல் பிடித்துக்கொண்டிருப்பான். அவள் டிரில்லை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் நுழையப் போனபோது பதறிவிட்டான்.

"லோரி, அதுல கை வெச்சா வாரண்டி போயிடும்."

"எந்த வாரண்டி? போன்ல சிரிக்கிறதுக்கு ஒருத்தனை வெச்சிருக்காங்களே, அதுவா?"

"குளிர் போகட்டும், பாத்துக்கலாம்."

"குளிர் போனப்புறம் எதுக்கு பாக்கணும்? நீ அந்த ஜாக்கை வெச்சு நல்லா முட்டுக்கொடு. வண்டி என் மேல உக்காந்துதுன்னா உனக்குச் சமைச்சுப்போட ஆளில்லே."

வண்டியின் அடியை மூடியிருந்தது கறுப்புப் பிளாஸ்டிக் பலகை. அட்டைப்பெட்டி போல உள்ளே நெளிநெளியாக, சுருட்டினால் வளைகிற, கத்தியால் வெட்டவும் வருகிற பொருள். இரும்புச் சட்டத்தோடு அதைச் சுற்றிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தார்கள். பாதி ஸ்க்ரூ துருப்பிடித்துச் சுற்றமாட்டேன் என்றது. சிலவற்றின் தலை பிய்ந்து கையோடு வந்தது. நடுப்பகுதி தொப்பை மாதிரித் தொங்கியதைப் பார்த்து ஒரு மூலையில் கத்தியால் கீறினாள். உறைந்ததும் உறையாததுமான தண்ணீர் சட்டைக் கழுத்துக்குள் கொட்டியது. லோரெட்டா வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். பக்கத்து டிரெய்லர்க்காரர் தன் நாயை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்.

பலகை முழுவதும் இறங்கியதும் டார்ச்சை அடித்தாள். பஞ்சு என்று சொன்னார்களே, அது வண்டியின் கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தலையணை அளவுக்குச் செருகியிருந்தது. மற்ற இடமெல்லாம் வெறும் இருட்டு. மரத்தூள், நசுக்கிய சோடா டப்பா ஒன்று. சூடான காற்றைக் கொண்டுவரும் வளைகுழாய் இருந்தது. ஆனால் அது எதிலும் சேரவில்லை. ஹீட்டர் பக்கம் அதற்கான ஓட்டையே போடவில்லை. குழாயின் வாயில் டேப்பைச் சுற்றி, பலகைக்குள் சுருட்டி வைத்து மூடியிருந்தார்கள்.

"ஆர்விட், இங்கே வா. படுத்துப் பாரு."

அவன் படுத்துப் பார்த்தான். "மறந்திருப்பாங்களோ?" என்றான்.

"மறந்தவன் டேப் சுத்துவானா?"

படம் எடுத்து அனுப்பினாள். பதில் இல்லை. சனிக்கிழமை அந்த விற்பனைக் கூடத்தில் தள்ளுபடி விற்பனை என்று ரேடியோவில் கூவினார்கள். லோரெட்டா கழற்றிய பலகையைச் சுருட்டி பிக்கப்பில் போட்டாள். தொங்கிய குழாய்களைக் கயிற்றால் கட்டினாள். வயிறு திறந்த வண்டியை இழுத்துக்கொண்டுபோய், வண்டி வாங்க வந்தவர்கள் ஹாட் டாக் தின்றுகொண்டிருந்த முற்றத்தின் நடுவில் நிறுத்தினாள். கீழே ஒரு பழைய கம்பளத்தை விரித்தாள்.

மேலாளர் பிரென்ட் சிரித்த முகமாக ஓடிவந்தார். "மேடம், சர்வீஸ் வாசல் பின்பக்கம்."

"எனக்கு இந்தப் பக்கம்தான் வசதி. படுத்துப் பாருங்க."

"உள்ளே வாங்க, காபி சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்."

"ஒரு மாசமா போன்ல பேசியாச்சு. இப்ப பாக்கணும்."

அவர் குனியவில்லை. கோட்டு அழுக்காகும் என்ற கவலையோ என்னவோ. ஆனால் இதே மாதிரி வண்டியை வாங்கக் கையெழுத்துப் போட இருந்த ஒரு மாட்டுப்பண்ணைக்காரன் மனைவியோடு அங்கே நின்றிருந்தான். தொப்பியைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுக் கம்பளத்தில் படுத்தான். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான்.

"நாங்க வாங்கப் போறதையும் திறந்து காட்டுங்க" என்றான் மேலாளரிடம்.

"அது கம்பெனியில சீல் பண்ணி வர்றது சார். திறக்க முடியாது."

"அப்ப என்னாலயும் வாங்க முடியாது" என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

மேலாளரின் முகம் அப்போதுதான் மாறியது. வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், அடுத்த வாரம் தயாராக இருக்கும் என்றார்.

"நீங்க மூடுவீங்க. உள்ளே என்ன இருக்குன்னு நான் யார்கிட்ட கேக்கறது? சாமானை இங்கே கொண்டு வாங்க. ஹீட்டர்ல ஓட்டையை உங்க ஆள் போடட்டும். மூடறது நான்."

முற்றத்தில் ஆட்கள் கூடிக்கொண்டே போனதால் அவர் மறுக்கவில்லை. டெல்காடோ என்ற மெக்கானிக் பஞ்சுச் சுருளும் புதிய ஸ்க்ரூக்களும் அகல வாஷர்களும் கொண்டுவந்தான். ஓட்டை போட்டுக் குழாயைச் செருகிவிட்டு, கீழே அவளருகில் படுத்தபடி குரலைத் தாழ்த்தினான்.

"வரும்போதே இப்படித்தான் வருது மேடம். நிறைய பாத்திருக்கேன்."

"பாத்துட்டு?"

அவன் பஞ்சுச் சுருளைப் பிரித்தான்.

"பாத்துட்டு மூடினே. அந்த மேலாளருக்காவது தெரியாதுன்னு சொல்லிக்கலாம். உனக்கு என்ன?"

டெல்காடோ பஞ்சைத் திணித்துக்கொண்டே இருந்தான். காது சிவந்திருந்தது.

பலகையைத் திரும்ப ஏற்றுவதுதான் பெரும்பாடு. கூடவே வந்திருந்த ஆர்விட் மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலாலும் அதை மேலே தாங்கினான். பழைய ஓட்டைகள் தேய்ந்து பெருத்திருந்ததால், பக்கத்தில் புது ஓட்டை போட்டு, வாஷர் வைத்து இறுக்கினாள். கீறிய இடத்தை அகல டேப்பால் ஒட்டினாள். முட்டு நடுங்க ஆரம்பித்த ஆர்விட், மேலாளரின் பளபளக்கும் ஷூக்கள் கம்பளத்தருகே வந்து நிற்பதைப் பார்த்தான்.

"நீங்களும் ஒரு கை பிடிங்க சார்" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் இன்னொருவரிடம் அந்தக் குரலில் பேசி லோரெட்டா கேட்டதில்லை. ஷூக்கள் நகர்ந்துவிட்டன.

ஜனவரியில் எரிபொருளே இறுகிப்போகிற குளிர் வந்தது. அவர்கள் குழாயில் தண்ணீர் நிற்கவில்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்ததே என்று பக்கத்து டிரெய்லர்க்காரர் சொன்னபோது லோரெட்டா அவர்மேல் பாய்ந்தாள்.

"எங்கே முடிஞ்சது? அந்தாள் இன்னிக்கும் வண்டி வயித்தைத் தட்டிக் காட்டி வித்துக்கிட்டிருக்கான். உங்க வண்டியை எப்பவாவது திறந்து பாத்தீங்களா?"

பார்த்ததில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். அவள் கம்பளத்தை எடுக்க உள்ளே போனாள். ஆர்விட் பெருமூச்சு விட்டபடி ஜாக்கைத் தேடினான்.