ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடக்கூடாத கார்

1. ஒரு புதன்கிழமை

கொட்டாஞ்சேனையில் முப்பது வருடத்துக்கு மேல் கராஜ் நடத்தினேன். முழங்கால் இரண்டும் ஒத்துழைக்க மறுத்ததால் போன வருடம் மூடிவிட்டேன். இப்போது தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் காரில் லப்டொப்பைச் செருகி, அது காட்டுகிற பிழையைத் திருத்துகிறார்கள். நல்ல வசதிதான், எனக்குப் பொறாமையாகவும் இருக்கிறது. ஆனால் லப்டொப்பில் வராத பிழைகளும் உண்டு. அப்படி ஒன்றில் இரண்டு வருடம் மாட்டிக்கொண்டு முழித்தவன் நான்.

ஒரு புதன்கிழமை காலை வெள்ளவத்தையிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தார்.

"தம்பி, கார் ஸ்டார்ட் வருகுதில்லை. பன்ரண்டு மணிக்கு முதல் செய்து தரவேணும். ஆனா செய்ததெண்டு தெரியப்படாது."

"யாருக்கு அக்கா?"

"காரின்ர சொந்தக்காரருக்கு."

களவுக் கார் என்றே நினைத்தேன். இருந்தாலும் வேலை குறைந்த காலம், ஓட்டோவில் ஸ்பானர், குறடு கிடக்கிற ஆயுதப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனேன். கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் வீடு. கதவைத் திறந்தவர் பத்மா அக்கா, அறுபத்தைந்து வயதிருக்கும். வெள்ளை நிறச் செடான், பற்றரி முனைகள் உப்புப் பூத்துப் போயிருந்தன. பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தில் அவர் சொன்ன கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

2. குடைக்காரனின் சரித்திரம்

காரின் சொந்தக்காரர் அவருடைய கணவர், சிவசம்பு சேர். காணி அளக்கும் சேர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கையில் ஓர் அங்குலம்கூடப் பிழை விடவில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

காரைச் செய்த ஜப்பான் கம்பெனியின் பெயரை எழுத மாட்டேன், அந்தக் கார் வைத்திருப்பவர்கள் பொல்லாதவர்கள். முதலில் குடைக்கம்பி செய்தார்களாம், பிறகு சைக்கிள், பிறகு மூன்று சக்கர லொறி, கடைசியில் கார். கராஜில் நாங்கள் 'குடைக்காரன்' என்போம். இந்தச் சரித்திரம் முழுவதும் சேருக்கு மனப்பாடம். பால்காரர் முதல் பல்வைத்தியர் வரை எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார்.

வாங்கி இருபது வருடத்தில் தன் கார் ஒரு நாளும் நின்றதில்லை என்பது அவருடைய பெருமை. ஓயில், தண்ணீர், காற்று எல்லாம் தானே பார்ப்பார். "அது சாப்பாடு. வைத்தியம் எண்டது வேற. இதுக்கு வைத்தியன் தேவையில்லை" என்பார். மெக்கானிக் எவனும் பொனட்டைத் தொடக்கூடாது. நல்ல கார்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் வெள்ளவத்தைக் கடற்காற்றில் இருபது வருடம் நின்றால் எந்த ஜப்பானும் கறள் பிடிக்கும்.

இனி முக்கியமான விஷயம். அவர்களுடைய ஒரே மகள் சுபா. வத்தளையில் ஜூட் என்ற கத்தோலிக்கப் பையனைக் காதலித்து மணந்தவள். சேர் கல்யாணத்துக்குப் போகவில்லை. "நான் கால் வைக்காத காணியில நீயும் கால் வைக்கப்படாது" என்று மனைவியிடம் சத்தியம் வாங்கிவிட்டார். பத்து மாதம் பத்மா அக்கா பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது ஜூட் ஒரு பழைய ஐரோப்பாக் கார் வாங்கினான். முதல் மாதமே அது நின்றுவிட்டது. செய்தி எப்படியோ சேரின் காதுக்குப் போனது. மருமகன் மேல் அவருக்கு அக்கறை வந்தது அன்றுதான்! அடுத்த ஞாயிறே குடைக்காரனை எடுத்துக்கொண்டு வத்தளைக்குப் போனார். வீட்டுக்குள் போகவில்லை. போர்ட்டிக்கோவில் நின்று, ஜாக்கியில் ஏறியிருந்த அந்தக் காரை ஒரு சுற்றுச் சுற்றினார், ஜூட்டுக்குக் குடைக்கம்பியிலிருந்து சரித்திரம் சொன்னார், சரியாக அரை மணித்தியாலத்தில் ஹோர்ன் அடித்து மனைவியைக் கூட்டிக்கொண்டு திரும்பினார். காணியில் கால் வைத்தாயிற்று, அதனால் பத்மா அக்கா உள்ளே போகலாம். போர்ட்டிக்கோ வீட்டோடு சேராது, அதனால் தான் வீட்டுக்குள் போனதாக ஆகாது. இது சேர்வேயரின் தீர்ப்பு.

அதிலிருந்து ஞாயிறுதோறும் அரை மணித்தியாலம்.

"இந்தக் கார் ஒருக்கா நிண்டா அவர் அந்தப் பொடியன்ர முகத்தில முழிக்கமாட்டார், தம்பி" என்றார் பத்மா அக்கா. "பிறகு எனக்கு என்ர பிள்ளை இல்லை."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பியிருப்பேன்.

3. கறுப்புப் பூனை

புதன்கிழமைகளில் சேர் கொள்ளுப்பிட்டியில் ஓய்வூதியக்காரர் சங்கக் கூட்டத்துக்குப் போவார், பஸ்ஸில்தான். அங்கே பார்க்கிங்கில் காருக்குக் கீறல் விழுமாம். அந்த மூன்று மணித்தியாலத்தில் நான் வைத்தியம் பார்த்தேன். வோட்டர் பம்ப், ஓல்டர்னேற்றர், கிளச், எல்லாம் ஒவ்வொரு புதனாக மாறின. இறக்குமதி நின்றிருந்த காலம், பஞ்சிகாவத்தைக் கடைகளில் அலைந்து பழைய சாமான் தேடுவேன். புதுச் சாமான் கிடைத்தால் சேர் கண்டுபிடிக்காதபடி அதில் சேறு பூசிப் பூட்டுவேன். உலகத்தில் புதுச் சாமானுக்குச் சேறு பூசிய ஒரே மெக்கானிக் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு நாள் ஆள் போதாமல் கூட்டம் நின்றுவிட்டது. சேர் நேரத்தோடு வந்துவிட்டார். காருக்குக் கீழே என் கால் இரண்டும் வெளியே தெரிகின்றன.

"ஆர் இது?"

"பூனை குட்டி போட்டுக் கிடக்கு. பிடிக்க வந்தவர்" என்றார் பத்மா அக்கா.

நான் என்ன செய்ய? இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, கீழே கிடந்தபடி 'மியாவ்' என்றேன். பிறகு மெல்ல வெளியே வந்தேன்.

"எத்தினை குட்டி?"

"மூணு சேர். அடுத்த வளவுக்குள்ள ஓடிட்டுது."

"கையெல்லாம் ஏன் கறுப்பு?"

"கறுப்புப் பூனை சேர்."

அவர் சரியென்று தலையை ஆட்டினார். அன்றிலிருந்து நான் பூனைக்காரர். சங்கத்து நண்பர்களுக்கெல்லாம் என்னைச் சிபாரிசு செய்தார். வெள்ளவத்தையில் நான் உண்மையாகவே இரண்டு பூனை பிடித்துக் கொடுத்திருக்கிறேன், ஒன்று என்னைக் கடித்தும் இருக்கிறது.

4. ஞாயிறு அலங்காரம்

இதற்கிடையில் பத்மா அக்கா ஜூட்டின் காரையும் என்னிடமே ஒப்படைத்தார். "ரெண்டும் ஒரு கையில இருக்கட்டும்" என்றார். கியர் பெட்டியின் கொம்பியூட்டர் பழுது. மூன்று மாதம் கிழமை நாட்களில் வத்தளைக்குப் போய், அந்தப் போர்ட்டிக்கோவிலேயே தலையை உடைத்துச் சரிப்படுத்தினேன். அதுபோல ஒரு வேலை நான் செய்ததே இல்லை. பெருமையாகச் சாவியைக் கொடுக்கப் போனால், சுபா வாசலில் நின்று கையைப் பிசைகிறாள்.

"அண்ணை, இது ஓடினா அப்பா வரமாட்டார்."

எனக்கு வந்த ஆத்திரம்! "அப்ப திரும்பப் பழுதாக்கவா தங்கச்சி?" என்று கத்தினேன்.

ஜூட் நல்ல பொறுமைசாலி. அவன்தான் வழி சொன்னான். "அண்ணே, கிழமை நாளில ஓடட்டும். ஞாயிறு மட்டும் பழுதா இருக்கட்டும்."

அப்படித்தான் அந்த அலங்காரம் தொடங்கியது. ஞாயிறு ஒன்பது மணிக்கு வத்தளைக்குப் போவேன். காரை ஜாக்கியில் ஏற்றி ஒரு சில்லை டயரோடு கழற்றிச் சுவரில் சாத்துவேன். தரையில் கொஞ்சம் பழைய ஓயில் ஊற்றுவேன். நிலத்தில் ஆயுதங்களைப் பரப்புவேன். கோயிலில் ஐயர் சாமிக்கு அலங்காரம் செய்வார், நான் நல்ல காருக்கு நோய் அலங்காரம் செய்தேன். பத்து மணிக்குச் சேர் வரும்போது உள்ளே முன்னறை ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்திருப்பேன்.

நோயையும் நான்தான் சொல்லிக் கொடுக்கவேண்டும். "இந்தக் கிழமை ரேடியேற்றர்" என்பேன். ஜூட் பாடம் பண்ணுவான். ஆனால் சேர் சேர்வேயர் அல்லவா, சட்டைப்பையில் குறிப்புப் புத்தகம் வைத்திருந்தார். ஒரு தடவை ஜூட் தடுமாறிப் பழைய நோயையே சொல்லிவிட்டான்.

"பெற்றோல் பில்டர் போன மாசம் மாத்தினதெண்டு சொன்னீர்" என்று புத்தகத்தைப் புரட்டினார் சேர்.

"அது... மாத்தினதும் பழுதாப் போச்சு அங்கிள்."

சேரின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் ஜன்னல் திரை இடுக்கால் பார்த்தேன். மாம்பழம் கண்ட சின்னப்பிள்ளைபோல் இருந்தார். ஓயில் கறையை மிதிக்காமல் காரைச் சுற்றி வந்து, "குடைக்கம்பியில இருந்து தொடங்கினவன், ஐசே..." என்று ஆரம்பித்தார். உள்ளே பத்மா அக்கா, அப்போதுதான் பிறந்திருந்த பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

5. பேலியகொடையில்

பேத்திக்கு முதலாவது பிறந்தநாள் ஒரு ஞாயிறில் வந்தது. அதற்கு முதல் கிழமையே குடைக்காரனின் பெற்றோல் பம்ப் முனகத் தொடங்கிவிட்டது. புதுப் பம்ப் வாங்கி, சேறும் பூசி ஆயுதப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். அந்தப் புதன் பார்த்துச் சங்கக் கூட்டம் இல்லை. சேர் நாள் முழுக்க வீட்டில். "அக்கா, இந்த ஞாயிறு போகாதீங்க" என்றேன். "பிறந்தநாளுக்குப் போகாம இருக்கிறதோ? என்ன கதைக்கிறீர்!" என்று ஏசினார்.

ஞாயிறு பத்தே காலுக்கு, அலங்காரமெல்லாம் முடித்துவிட்டு முன்னறையில் இருக்கிறேன், சுபாவின் போன் அடிக்கிறது, எடுத்தால் பத்மா அக்கா. களனிப் பாலம் தாண்டிப் பேலியகொடையில் கார் நின்றுவிட்டதாம். சுபா அழத் தொடங்கினாள். ஜூட் பதறிப்போய்ச் சில்லைப் பூட்டினான், ஜாக்கியை இறக்கினான், ஆயுதப் பெட்டியோடு என்னை இழுத்து ஏற்றினான், பறந்தான். நாங்கள் எந்தக் காரில் போகிறோம் என்பது சேரின் முன்னால் போய் பிரேக் போட்ட பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

நடு வெயில். குடைக்காரன் ஓரத்தில் நிற்கிறது. சேர் அதன் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிறார். பத்மா அக்கா கேக் பெட்டியோடு சீற்றில் இருக்கிறார், முகத்தில் உயிரில்லை.

"இது ஓடுதோ?" என்றார் சேர்.

ஜூட் ஜன்னலால் தலையை நீட்டினான். "எப்படியோ ஸ்டார்ட் வந்துச்சு அங்கிள். ஓஃப் பண்ணினா இனி வராது."

"எங்க, ஓஃப் பண்ணும் பாப்பம்."

ஜூட் ஓஃப் பண்ணினான். நான் இறங்கி, "சூடு கூடிட்டுது போல" என்று பொனட்டைத் தூக்கி, பெற்றோல் பம்புக்குக் கரண்ட் விடுகிற றிலேயைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டேன். சேர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீர் பூனைக்காரர் எல்லோ?"

"ஓம் சேர். ஞாயிறில கார்கள் கொஞ்சம் பார்ப்பன்."

"ம்ம். ஸ்டார்ட் பண்ணும், ஐசே."

ஜூட் சாவியைத் திருப்பினான். இன்ஜின் சுற்றிச் சுற்றிப் பார்த்தது, பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினான். பிடிக்கவேயில்லை. நான் திருத்திய கார் ஸ்டார்ட் வராததற்காக என் வாழ்க்கையில் அன்று மட்டும்தான் சந்தோஷப்பட்டேன்.

"பாத்தீரோ!" சேருக்கு உயிர் வந்துவிட்டது. "எங்கட கார் நிண்டதுக்குக் காரணம் இருக்கு. வெயில். அது களைச்சுப்போய் நிக்குது. இது என்ன காரணத்துக்கு நிக்குது? சொல்லும்!"

"காரணமே இல்ல அங்கிள்" என்றான் ஜூட்.

"பூனைக்காரரே, நீர் இவற்ற காரைப் பாரும். எங்கட காரைத் தொட வேண்டாம். ஒரு மணித்தியாலம் ஆறினா அது தானா எழும்பும்."

அந்த ஒரு மணித்தியாலம் வெயிலில் நிற்க முடியாது. ஓட்டோ ஒன்றை மறித்து, சேர், பத்மா அக்கா, ஜூட் மூவரும் கேக் பெட்டியோடு வத்தளைக்குப் போனார்கள். ஏறும்போது பத்மா அக்கா குடைக்காரனின் மற்றச் சாவியை மெல்ல என் கையில் திணித்தார்.

அவர்கள் மறைந்ததும் குடைக்காரனின் பின் சீற்றைத் தூக்கிப் பம்பை மாற்றினேன். அரை மணித்தியால வேலை. றிலேயை எடுத்து மற்றக் காரில் செருகினேன். இரண்டும் முதல் திருப்பிலேயே பிடித்தன. அப்போது பத்மா அக்காவின் போன் வந்தது.

"அக்கா, ரெண்டும் ஓடுது. கொண்டு வரட்டா?"

"ஐயோ, வேண்டாம் தம்பி!" குரலை இறக்கினார். "போர்ட்டிக்கோவில பாக்கிறதுக்கு ஒரு கார் இல்லை. வந்தவர் அஞ்சு நிமிஷம் வெறும் தரையைப் பாத்துக்கொண்டு நிண்டார். ஓயில் கறையைச் சுத்தி ஒருக்கா நடந்தார். பிறகு செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வந்திட்டார். இப்ப பிள்ளை அவற்ற மடியில. குடைக்கம்பிக் கதை நடக்குது..."

"ஆர் போனில?" என்று பின்னால் சேரின் குரல் கேட்டது. போனைச் சேர் வாங்கினார் போலிருக்கிறது.

"பூனைக்காரரே, எங்கட காரைத் தொடேல்லைத்தானே?"

"இல்லை சேர்."

"மருமகன்ர கார் என்ன மாதிரி?"

அதுவரை அவர் வாயில் ஜூட் 'அந்தப் பொடியன்' மட்டும்தான்.

"அதுக்கு இன்னும் நாலைஞ்சு மணித்தியாலம் ஆகும் சேர்."

"அவசரமில்லை, ஆறுதலாச் செய்யும். நாங்கள் சாப்பிட்டு, கேக்கும் வெட்டிப்போட்டுத்தான் வருவம்."

புதிதாகத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, கார் ஒன்று வந்தால் லப்டொப்பைச் செருகுவதற்கு முன், அதில் யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்காவிட்டால் காரைச் சரியாகத் திருத்தி, ஒரு குடும்பத்தைப் பழுதாக்கிவிடுவீர்கள். நான் நூலிழையில் தப்பியவன்.

அன்று பேலியகொடையில், நீர்கொழும்பு வீதி ஓரத்தில், சுகமாக ஓடக்கூடிய இரண்டு கார்களுக்கு நடுவே, பொழுது சாயும்வரை ஒன்றும் செய்யாமல் குந்தியிருந்தேன். போகிற வருகிற ஆட்களெல்லாம் நின்று, "என்ன பாஸ், சரிவராதா?" என்று பரிதாபமாகக் கேட்டார்கள். "ரெண்டுமே சரிவராது" என்று ஒவ்வொருவருக்கும் சந்தோஷமாகச் சொன்னேன்.