பிறழ் சாட்சி

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரத்தில், கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் மறியல்காரர்கள் எங்கள் சேரித் தெருக் குடிசைகளைக் கொளுத்தினார்கள். தீயில் என் அண்ணி செத்துப்போனாள். கண்ணால் பார்த்த ஒரே சாட்சி என் அம்மாதான். விசாரணை நாளில், கோர்ட்டுக்குப் போகும் வழியிலேயே கொளுத்தியவர்களின் ஆட்கள் அவளை மறித்துக் கட்டையால் வாயில் அடித்தார்கள். "பாக்கலன்னு சொல்லிடு" என்றார்கள்.

அரசு வக்கீல் பதறிப்போனார். "மாத்திச் சொன்னா பிறழ் சாட்சின்னு எழுதிடுவாங்கம்மா. கேஸே நிக்காது. வாய்தா கேக்கட்டுமா?"

அம்மா ரத்தத்தைத் துப்பினாள். "வாணாங்க. இன்னிக்கே சொல்லிடறேன்."

கூண்டில் ஏறி, கொளுத்தியவர்களை ஒவ்வொருவராகக் கை நீட்டிக் காட்டினாள். பேச்சு குழறியதால் நீதிபதி திரும்பத் திரும்பக் கேட்டார். அவளும் சலிக்காமல் சொன்னாள். அவர்களுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அப்புறம் அந்த ஊரில் இருக்கப் பயந்து, கரியாலூர் மலைக்கு ஏறிவிட்டோம்.